குரங்கணி ஜீப்புக்குப் புதுப்பேட்டையில் ஒரு பெட்டி

எழும்பூர் ரயில் நிலையத்தில் காலை எட்டரை மணிக்கு மின்சார ரயிலை விட்டு இறங்கிய அப்பாவும் மகனும் ஒரு சாக்குப் பையை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்திருந்தார்கள். முதல் நாள் மாலை போடிநாயக்கனூரில் பேருந்து ஏறி, விடியும் நேரம் கிளாம்பாக்கத்தில் இறங்கி, வண்டலூரில் ரயில் பிடித்து வந்தவர்கள். பையில் இருந்தவை பல் உடைந்த ஒரு கியர், நடுவில் தேய்ந்துபோன ஒரு இரும்புத் தண்டு, பொடிந்துபோன ஊசி பேரிங்குகள். கிரீஸ் கசிந்து சாக்கே கறுத்துப் போயிருந்தது.

அப்பாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. குரங்கணிக்கு மேலே மலையில் நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறார். ஓரங்களில் கொஞ்சம் இலவ மரம். தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு வரும் கல்லும் சேறுமான பாதையில் ஏறி இறங்கும் வாகனம் ஒன்றுதான், ஜீப். அந்த ஜீப் ஐப்பசி மழையில் படுத்துவிட்டது. கார்த்திகை பிறந்தால் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கிவிடும். அதற்குள் வண்டி ஓடாவிட்டால் மூட்டைகளைக் குதிரையில் இறக்க வேண்டும், அல்லது வாடகை ஜீப் பிடிக்க வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் இந்த வருட லாபத்தில் பெரும் பகுதி கூலியாகவே போய்விடும்.

"எடைக்குப் போட்டுட்டு, தவணையில ஒரு புது வண்டி எடுப்போம்ப்பா" என்பது மகனின் யோசனை. "புதுப்பேட்டையில ஒரு தடவை பார்த்துட்டு வருவோம். கிடைக்கலேன்னா நீ சொல்றபடி செய்யலாம்" என்பது அப்பாவின் பதில். அந்த ஒப்பந்தத்தின் பேரில்தான் இந்தப் பயணம்.

போருக்குப் பிறந்த வண்டி

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு ஜீப்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் தொழிலாளர்களை ஏற்றிச் செல்வது ஜீப்புகள்தான். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு இன்றும் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் போக முடியும்.

ஆனால், இந்த வண்டி மலை விவசாயிக்காகப் பிறந்ததல்ல. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்க ராணுவம் கேட்டு வாங்கிய வண்டி இது. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரண்டு கம்பெனிகளும் ஒரே வரைபடத்தை வைத்து ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து கொடுத்தன. 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 60 குதிரை சக்தி, இரண்டு அச்சுகளுக்கும் இடையே 80 அங்குலம், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. அசாமின் லீடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்கு அமெரிக்கர்கள் மலையைக் குடைந்து போட்ட சாலையில் இந்த ஜீப்புகளும் ஓடின. போர் முடிந்ததும், திரும்ப எடுத்துப் போகாத ராணுவச் சாமான்கள் இந்தியாவில் விற்கப்பட்டன. நம் ஊரில் 'டிஸ்போசல் ஜீப்' என்று சொல்லப்பட்டது அந்த வழியில் வந்த வண்டிதான். 1940களின் கடைசியில் மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இறக்குமதி செய்து பம்பாயில் பூட்டத் தொடங்கியது. பிறகு இங்கேயே முழுதாகச் செய்தது.

குரங்கணி ஜீப் அந்த டிஸ்போசல் வகையைச் சேர்ந்தது. முன்பக்கக் கம்பித் தட்டியில் ஒன்பது நீளத் துளைகள் இருக்கின்றன. பின்னால் வந்த மஹிந்திரா ஜீப்புகளில் ஏழுதான் உண்டு. தோட்டத்துக்காரரின் அப்பா ஒரு எஸ்டேட்டில் டிரைவராக இருந்தவர். வேலையை விட்டபோது, எஸ்டேட் கழித்துக் கட்டிய ஜீப்பைத் தன் சேமிப்பில் வாங்கிக்கொண்டு மலையேறினார். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாததால் 1986இல் அந்த இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் வைத்தார்கள். பதிவுச் சான்றிதழிலும் அதை முறையாக எழுதி வாங்கிவிட்டார்கள்.

புதுப்பேட்டை வீதியில்

எழும்பூர் நிலையத்திலிருந்து கூவம் ஆற்றுப் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் புதுப்பேட்டை வந்துவிடும். முதலில் மூக்குக்குத்தான் தெரியும். பழைய ஆயில், டீசல், காஸ் வெல்டிங் எல்லாம் கலந்த வாடை. அப்புறம் காதுக்குத் தெரியும். இரும்பை இரும்பு அடிக்கும் சத்தம். காயலான் கடை என்று சென்னைக்காரர்கள் சொல்வதன் முழு அர்த்தமும் இந்தச் சந்துகளில்தான் விளங்கும்.

வெளியூர்க்காரருக்குக் குப்பை மேடாகத் தெரியும் இந்த இடம் உண்மையில் நேர்த்தியாகப் பிரித்து வைக்கப்பட்ட சந்தை. காய்கறிச் சந்தையில் வெங்காய மண்டி, வாழைக்காய் மண்டி என்று இருப்பது போல, இங்கே கதவுக்கு ஒரு கடை, கண்ணாடிக்கு ஒரு கடை, ரேடியேட்டருக்கு ஒரு கடை. கிரவுனும் பினியனும் மட்டும் விற்கிறவரிடம் பம்பர் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார், கையை மட்டும் எதிர்ச் சந்தைப் பார்த்து நீட்டுவார். பத்து மணிக்குமேல்தான் கடைகள் சுறுசுறுப்பாகும். அதற்கு முன்னால் வந்தவர்கள் டீக்கடையில் நிற்க வேண்டியதுதான்.

அந்த டீக்கடையே பாதி வேலையை முடித்துக் கொடுத்தது. சாக்கிலிருந்து எட்டிப் பார்த்த கியரைக் கண்ட ஒரு மெக்கானிக், "ஜீப் ஐட்டமா? ராணுவ வண்டி பிரிக்கிற பாய் கடைக்குப் போங்க. இங்க விசாரிச்சா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க" என்று வழிகாட்டினார்.

பாய் கடையின் முன்னால் ஜிப்ஸி ஒன்றின் கூடு கிடந்தது. உள்ளே போகப் போக வயது கூடியது. ஜோங்கா வண்டியின் அகலமான முன்முகம், அதற்கும் பின்னால் சக்திமான் லாரியின் ஸ்டீயரிங். ஜோங்கா, ஜபல்பூரிலுள்ள அரசு வாகனத் தொழிற்சாலையில் 1969 முதல் ஜப்பானின் நிசான் வரைபடத்தில் ராணுவத்துக்காகச் செய்யப்பட்டது. ஏறத்தாழ நான்கு லிட்டர் பெட்ரோல் இன்ஜின். ஏலத்தில் எடுத்தவர்கள் அதன் எரிபொருள் பசியைத் தாங்க முடியாமல் டீசலுக்கு மாற்றிவிடுவார்கள். சக்திமான், ஜெர்மனியின் எம்.ஏ.என். கம்பெனி உரிமத்தில் அதே ஜபல்பூரில் 1996 வரை செய்யப்பட்ட லாரி.

ராணுவம் கழித்துக் கட்டும் வண்டிகள் இப்போது இணைய ஏலத்தில் போகின்றன. ஏலம் எடுக்கிறவர்களில் வடநாட்டு வியாபாரிகள் அதிகம். ஹரியானாவின் சிர்சா மாவட்டத்திலுள்ள டப்வாலி, காலாங்வாலி ஆகிய ஊர்கள் பழைய ராணுவ ஜீப்பைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவதற்கே பேர் போனவை. டெல்லி மாயாபுரியில் பிரிக்கப்படும் சாமானும் லாரியேறித் தெற்கே வரும். "போர்க்கால ஜீப்பு இப்ப எங்கேயும் முழுசா கிடைக்காது. எலும்பு எலும்பாத்தான் சேர்க்கணும்" என்றார் பாய்.

மூன்று தண்டுகள்

சாக்கைக் கொட்டியதும் பாய் கியரைத் தொடவில்லை. தண்டை எடுத்துத் துடைத்தார். மேசையிலிருந்து வெர்னியரை எடுத்து, தேயாத முனையில் வைத்து அளந்தார்.

"முக்கால் அங்குலம். பத்தொன்பது மில்லிமீட்டர். இது போர்க்காலத்துச் சாமான் ஐயா."

அவர் கையில் இருந்தது, கியர் பாக்ஸுக்குப் பின்னால் பூட்டியிருக்கும் இன்னொரு பெட்டியின் நடுத்தண்டு. இன்ஜினின் விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுப்பது இந்தப் பெட்டியின் வேலை. டிரான்ஸ்பர் கேஸ் என்பார்கள். போர்க்கால ஜீப்பிலும் இதே பெட்டிதான், மஹிந்திராவின் பழைய சி.ஜே. ஜீப்பிலும் இதே வடிவம்தான். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். உள்ளே நடுத்தண்டின் பருமன் மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது. போர்க்காலத்தில் முக்கால் அங்குலம். 1946இலிருந்து ஒன்றே கால் அரைக்கால் என்று சொல்ல வேண்டாம், சரியாக ஒன்றும் எட்டில் ஒரு பங்கும், அதாவது 28.6 மில்லிமீட்டர். 1950களின் நடுவிலிருந்து ஒன்றேகால் அங்குலம், 31.75 மில்லிமீட்டர். மெல்லிய தண்டு சீக்கிரம் தேய்ந்ததால்தான் பருமனைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

"அப்ப ஒன்றேகால் தண்டு ஒண்ணு குடுங்க பாய், மாட்டிக்கிறோம்" என்றார் மகன்.

"உன் பெட்டியில ஓட்டை முக்கால் அங்குலம்தானே தம்பி? எங்க மாட்டுவ?"

மகனுக்கு முகம் சுருங்கியது. பெட்டியை லேத்தில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கலாமே என்று கேட்டார். செய்யலாம், ஆனால் எண்பது வயதான வார்ப்பிரும்பு. இரண்டு பக்கத் துளையும் மயிரிழை பிசகாமல் நேராக அமையாவிட்டால் புதுக் கியரும் ஊளையிடும், ஆறு மாதத்தில் பல் போகும் என்றார் பாய். தாம் விற்கும் சாமானின் விலை குறைந்தாலும் பரவாயில்லை என்று அவர் சொன்ன அடுத்த கேள்விதான் அன்றைய நாளின் முக்கியமான கேள்வி.

"முன் டயரும் பின் டயரும் ஒரே அளவா?"

அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போன சித்திரையில் பின்னால் இரண்டு புது டயர். முன்னால் தேய்ந்த பழைய டயர்.

"தார் ரோட்டுல வரும்போது முன் சக்கர இழுவையைக் கழற்றி விடுவீங்களா?"

"எதுக்குக் கழட்டணும்? அது பாட்டுக்கு இருக்கும்" என்றார் மகன்.

கியர் உடைந்த காரணம் அங்கேயே வெளிவந்துவிட்டது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படுகின்றன. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. புது டயரின் சுற்றளவு அதிகம். ஒரு கிலோமீட்டர் ஓடினால் இரண்டும் வேறுவேறு எண்ணிக்கையில் சுற்றியாக வேண்டும். சேற்றிலும் சரளையிலும் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. அந்த முறுக்கம் முழுவதும் கியர் பல்லின் மேல் ஏறும். அதோடு, 60 குதிரை சக்தி பெட்ரோல் இன்ஜினுக்காகச் செய்த மெல்லிய தண்டின் மேல் டீசல் இன்ஜினின் இழுவையும் விழுந்திருக்கிறது. நான்கு சக்கர இழுவை டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் இதே பாடம்தான். தார்ச்சாலையில் டிப்பர் இழுக்கும்போது முன் இழுவையை விலக்கிவிட வேண்டும். முன் டயரையும் பின் டயரையும் கம்பெனி சொன்ன பொருத்தத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

பாய் சொன்ன தீர்வு ஒன்றுதான். பழைய மஹிந்திரா சி.ஜே.3பி ஜீப்பிலிருந்து கழற்றிய, ஒன்றேகால் அங்குலத் தண்டுள்ள முழுப் பெட்டியும் கடையில் இருக்கிறது. அதை அப்படியே எடுத்துப்போய்ப் பூட்ட வேண்டும். கியர் பாக்ஸிலிருந்து உள்ளே வரும் கியரையும் அந்தப் பெட்டியோடு சேர்த்தே வாங்க வேண்டும், பல் எண்ணிக்கை பெட்டிக்குப் பெட்டி மாறும். விலை 14,000 ரூபாய். பெரியவர் பேசிப் பேசி 11,000க்குக் கொண்டுவந்தார். கையில் இருந்தது ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

இன்னொரு தேடல்

இந்தப் பேரம் நடக்கும்போதே ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். சென்னையிலேயே தொழில் செய்கிறவர். பழைய ராணுவ வண்டிகளைப் பழைய நிலைக்கே கொண்டுவருவது அவருடைய விருப்பம். மாதத்துக்கு ஒருமுறை புதுப்பேட்டைக்கு வந்துவிடுவாராம். அவர் பார்வை பாயின் மேசையிலிருந்த முக்கால் அங்குலத் தண்டின் மேலேயே இருந்தது.

"ஐயா, உங்க வண்டி போல்ட்டு தலையில ஏதாவது எழுத்து இருக்கா?"

"எஃப்னு ஒரு எழுத்து இருக்கும். துடைச்சா தெரியும்" என்றார் மகன்.

அவர் எழுந்தே நின்றுவிட்டார். போர்க்காலத்தில் ஃபோர்டு கம்பெனி தான் செய்த ஜீப்பின் பாகங்களில், போல்ட்டு தலை உட்பட, தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்தது. வில்லிஸ் செய்த ஜீப்பில் அது இருக்காது. சேசிஸின் முன்பக்கக் குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாய், ஃபோர்டில் பட்டையாக இருக்கும். இந்த இரண்டையும் வைத்துத்தான் தேடுகிறவர்கள் வண்டியை அடையாளம் காண்கிறார்கள். ஒரு ஃபோர்டு ஜீப்பை முழுமையாக்க எழுத்துள்ள போல்ட்டுகளைக்கூட ஒவ்வொன்றாகச் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

"பெட்ரோல் இன்ஜின் எங்கே ஐயா?"

"எம்பத்தாறுல எடைக்குப் போட்டோம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்று அவர் ஊர் ஊராகத் தேடுவது அந்த இன்ஜினைத்தான் என்று பாய்தான் சொன்னார். பெரியவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு டீசல் போடலேன்னா இந்த வண்டியே இன்னிக்கு இருந்திருக்காது தம்பி" என்றார் பிறகு. அதுவும் உண்மைதான்.

புதுப்பேட்டையில் இரண்டு வகையான ஆட்கள் தேடுகிறார்கள். ஒருவர் வண்டியைப் பிறந்த நாளில் இருந்த மாதிரி ஆக்கத் தேடுகிறார். இன்னொருவர் நாளைக் காலையில் மூட்டை ஏற்றத் தேடுகிறார். ஒருவருக்குக் கழிவு இன்னொருவருக்குப் பொக்கிஷம். ஆனால், ஒரே வண்டியை இரண்டு வழியிலும் ஓட்ட முடியாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறை வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைத் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு இது பொருந்தும். வண்டி பிறந்த வடிவத்திலேயே இருக்க வேண்டும். சேசிஸ், கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். எண் பலகையில் மாநில எழுத்துக்குப் பிறகு 'விஏ' என்று வரும். இப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பழைய வாகன ஊர்வலம், எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்குத்தான் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது.

அதாவது, டீசல் இன்ஜின் ஏறிய குரங்கணி ஜீப்புக்கு அந்தப் பலகை கிடைக்காது. கிடைத்தாலும் காப்பி மூட்டை ஏற்ற முடியாது. வண்டிக்குப் பெருமை தேடி ஏமாறாமல், அது உழைக்கும் வண்டி என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். சாதாரணப் பதிவைப் புதுப்பித்து, தகுதிச் சான்றும் காப்பீடும் எடுத்து ஓட்டுவதே அதற்கு வழி.

சென்னைக்காரர் இரண்டு பொருள்களுக்கு விலை கேட்டார். ஒன்று, உடைந்த கியர் இருந்த முக்கால் அங்குலப் பெட்டி. தண்டும் கியரும் போனாலும் பெட்டியின் வார்ப்பு நன்றாக இருந்தால் 6,000 ரூபாய் தருகிறேன் என்றார். இன்னொன்று, முன் விளக்குகளும் அவற்றின் தாங்கியும். போர்க்கால ஜீப்பின் முன் விளக்கில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு நட்டைத் தளர்த்தினால் விளக்கை அப்படியே பின்பக்கம் திருப்பலாம். வெளிச்சம் இன்ஜின் மேல் விழும். இருட்டில் ரிப்பேர் பார்க்கச் செய்த ஏற்பாடு. அதற்குத் தனி விலை தருகிறேன் என்றார்.

பெட்டிக்குப் பெரியவர் உடனே சம்மதித்தார். விளக்குக்கு மட்டும் தலையை ஆட்டிவிட்டார்.

"அதை நாங்க இன்னும் உபயோகிக்கிறோம் தம்பி. ராத்திரியில மலைப்பாதையில வண்டி நின்னா, டார்ச் பிடிக்க ஆள் வேணாம். விளக்கைத் திருப்பி விட்டுட்டு நானே பார்த்துக்குவேன். அதைக் குடுத்துட்டு நான் எதை வெச்சுப் பார்க்கிறது?"

சென்னைக்காரர் சிரித்துவிட்டார். "இந்தியாவுல அந்த விளக்கை அது செஞ்ச வேலைக்கே உபயோகிக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான் இருப்பீங்க ஐயா. குடுக்காதீங்க" என்றார். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தார். பாக்கி, பெட்டி லாரியில் வந்து சேர்ந்ததும் தருவதாகப் பேச்சு. கையிருப்போடு அந்த மூவாயிரம் சேர்ந்ததும் பாய்க்குக் கொடுக்க வேண்டியது கொடுத்து, ஊர் திரும்பும் செலவுக்கும் மிச்சம் இருந்தது.

மலைக்குத் திரும்பிய பெட்டி

பெட்டி முப்பது கிலோவுக்கு மேல். பேருந்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் லாரி பார்சலில் போடிக்குப் போட்டார்கள். மகன் பாயிடம் பில் கேட்டார். புதுப்பேட்டையில் பில் கேட்கிறவர்கள் குறைவு. பாய் முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதையும் அதில் குறிக்கச் சொன்னார் மகன். வரும்போது எடைக்குப் போடச் சொன்ன அதே மகன்தான்.

போடி மெக்கானிக் பெட்டியைத் திறந்து, பேரிங்கும் ஆயில் சீலும் புதிதாகப் போட்டு, 90ஆம் எண் கியர் ஆயில் ஊற்றிப் பூட்டினார். பழைய பெட்டி சாக்கில் கட்டிச் சென்னைக்குப் போனது. முன்னால் இரண்டு புது டயர் போட வேண்டியிருந்தது. அந்தச் செலவைத் தவிர்க்க முடியாது என்று இப்போது மகனே சொன்னார்.

கார்த்திகை இரண்டாம் வாரம் முதல் நடை. ஐந்து மூட்டை. தோட்டத்து வாசலில் முன் இழுவையைப் போட்டுச் சரளையில் இறங்கினார் மகன். வண்டி ஊளையிடவில்லை. குரங்கணியில் தார்ச்சாலை தொட்டதும் நிறுத்தி, முன் இழுவையைக் கழற்றிவிட்டு அப்பாவைப் பார்த்தார். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. போகலாம் என்று கையை மட்டும் காட்டினார்.

பழைய வண்டிக்குப் பாகம் தேடுகிறவர்கள் கவனிக்க

* பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள். போட்டோ போதாது. தேயாத இடத்தில் வெர்னியர் வைத்து அளந்து, மில்லிமீட்டரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கியர் என்றால் பல்லை எண்ணுங்கள்.

* பாகம் ஏன் உடைந்தது என்று தெரிந்த பிறகே புதியதை மாட்டுங்கள். காரணம் அப்படியே இருந்தால் புதியதும் உடையும்.

* பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் பாகம் என்று தெரிந்து வாங்குவது குற்றம். இன்ஜின், சேசிஸ் எண்கள் ராவப்பட்டிருந்தால் தொடவே வேண்டாம்.

* இன்ஜினை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றிதழில் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் காப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும்.

* பழைய பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள்.

* போர்க்கால ராணுவ மீட்டர்கள் சிலவற்றில் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த பூச்சு பூசியிருப்பார்கள். கண்ணாடியைத் திறந்து சுரண்டக் கூடாது. பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்கக் கூடாது. 2010இல் டெல்லி மாயாபுரியில் ஒரு ஆய்வகம் கழித்துக் கட்டிய கருவியைப் பிரித்தபோது கோபால்ட் கதிர்வீச்சுக்கு ஒருவர் பலியானார். இன்னதென்று தெரியாத ராணுவச் சாமானை உடைத்துப் பார்க்க வேண்டாம்.

* கழற்றிய பழைய பாகத்தை உடனே எடைக்குப் போடாதீர்கள். ஆயில் தடவி, சாக்கில் சுற்றி, எந்த வண்டியுடையது என்று சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். அதைத் தேடி யாராவது வரக்கூடும்.